ஆட்டங்கண்ட மூட்டு

வாடிப்பட்டியினின்று மதுரைக்கு வரும் தனியார் பேருந்து ஒன்றில், ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் அமர்ந்து யாம் பயணஞ்செய்த காலை ஒரு காட்சி எம் கண்ணிற் பட்டது. நான்கு வழிச் சாலை நேராகக் கிடந்தது, முன்னே வண்டியில்லை, காற்றுமில்லை. அங்ஙனமிருந்தும் ஓட்டுநரின் கைகள் ஒரு கணமேனும் ஓயவில்லை. திருப்புச் சக்கரத்தை இடப்புறம் நால்விரல், வலப்புறம் நால்விரல் என்று மாறி மாறித் திருப்பிக்கொண்டேயிருந்தார். வண்டியோ அத்திருப்பங்களைச் சற்றும் பொருட்படுத்தாது நேரே சென்றது. நகரி கடந்ததும் காரணம் வினவினோம். "ஸ்டியரிங்கிலே கொஞ்சம் பிளே இருக்குங்க சார், கைக்குப் பழகிப்போச்சு" என்று புன்னகையோடு விடை கூறினார்.

கை பழகிவிட்டது என்பதில் ஐயமில்லை. மனிதனுடைய கை எதற்கும் பழகும். ஆனால், அவ்வண்டியின் முன்சக்கரங்களுக்கும் திருப்புச் சக்கரத்திற்கும் இடையே உள்ள முளைகளும் குண்டு மூட்டுக்களும் எதற்கும் பழகுவதில்லை. அவை தேய மட்டுமே அறியும். இதனை நம் மாணவர்க்கும், பேருந்தும் அரிசி ஆலையும் உடையராய் வாழும் நம் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் வேண்டுமென்று அன்றே கருதினோம்.

இயந்திரம் எதுவாயினும் அது மூட்டுக்களாலேயே இயங்குகின்றது. கதவின் கீலும், மாட்டுவண்டியின் அச்சும், எண்ணெய் எஞ்சினின் கனெக்டிங் ராடும் அடிப்படையில் ஒன்றே: ஒரு துளை, அதனுட் செல்லும் ஒரு முளை. துளையும் முளையும் இம்மியும் வேறுபாடின்றி ஒத்திருப்பின் முளை திரும்பாது. ஆதலின் துளையைச் சற்றே பெரிதாக்கி, அவ்விடைவெளியை எண்ணெயால் நிரப்புகின்றனர். சுழலும் தண்டுகளுக்கு இவ்விடைவெளி தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. 50 மில்லிமீட்டர் தண்டுக்கு 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமயிரின் பருமன் என்று கொள்ளலாம். நாளடைவில் முளையும் துளையும் தேய, மயிரளவாயிருந்த இடைவெளி நகத்தின் பருமனளவாகின்றது. இதனையே மெக்கானிக்குகள் 'ஆட்டம்' என்றும் 'பிளே' என்றும் சொல்லுகின்றனர்.

அரை மில்லிமீட்டர் ஆட்டத்தால் அரை மில்லிமீட்டர்ப் பிழைதானே நேரும், அதனாலென்ன என்று கேட்பார் பலர். ஆட்டம் இழைக்கும் தீங்கு இருவகைத்து. ஒன்று, இயக்கத்தை விழுங்குதல், மற்றொன்று, மோதுதல். முன்னதை எல்லாரும் அறிவர். பின்னதை அறிந்தார் சிலரே.

விழுங்குதலைக் காண விரும்புவோர் வாடிப்பட்டி வட்டாரத்துக் கால்வாய்க் கரைகளில் உலவிவரலாம். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பெற்றதன் பயனாக மலைக்கு மேற்கே ஓடிய நீர் வைகையில் விழுந்து, பேரணையிற் பிரிந்து, பெருங்கால்வாய் வழியாக இவ்வட்டாரத்து வயல்களை அடைகின்றது. மடைகளிலே திருகுத் தண்டால் ஏற்றி இறக்கும் இரும்புப் பலகைகள் உள. பலகையை ஏற்றிய பின் சற்றே இறக்க முயலுங்கால், நீரழுத்தத்தாற் பலகை தன் சட்டத்தில் ஒட்டி நிற்க, திருகும் மரையும் தேய்ந்திருக்குமாயின் கைச்சக்கரம் கால்வட்டமளவு வெறுமே சுழலும். அநுபவமுள்ள லஸ்கர் இதற்கு ஏமாறமாட்டார். வேண்டிய அளவிற்கும் கீழே பலகையை இறக்கிவிட்டு, பின்பு மேனோக்கி ஏற்றியே சரியான இடத்தில் நிறுத்துவார். எப்பொழுதும் ஒரே திசையினின்று அணுகின் ஆட்டம் ஒரு பக்கமே ஒதுங்கிக்கிடக்கும், பிழை நேராது. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்வோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். வகுப்பறையில் யாம் ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்குவதை அம்மடைக்கரையில் இரண்டு நிமிடத்திற் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால், மடைப்பலகையை ஒரு திசையினின்று அணுகலாம். ஓடுகின்ற பேருந்தை அங்ஙனம் அணுக இயலுமோ? அதன் முன்சக்கரங்கள் இருபுறமும் திரும்பியே தீரவேண்டும்.

இனி மோதுதலைக் கருதுவோம். உலக்கையை நெல்லின்மீது மெல்ல நிறுத்திவைப்பின் நெல்லுக்கு ஒன்றும் நேராது. உலக்கையின் எடையை அது தாங்கிக்கொள்ளும். அவ்வுலக்கையையே ஒரு முழம் உயர்த்திப் போட்டால் உமி நீங்கிவிடுகின்றது. உலக்கையின் எடை மாறவில்லை. மாறியது, அது தடையின்றிக் கடந்துவந்த வெற்றிடமே. ஆட்டங்கண்ட மூட்டினுள்ளும் நிகழ்வது இதுதான். முளை துளையின் ஒருபக்கச் சுவரை அழுத்திக்கொண்டிருக்கின்றது. விசையின் திசை மாறுகின்றது. முளை அச்சுவரை விட்டு, எவ்விதப் பிடிப்புமின்றிப் பறந்து, எதிர்ச்சுவரில் மோதுகின்றது. பறக்கும்போது தான் சேர்த்த ஆற்றலனைத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரத்தில் அது இழக்கவேண்டியிருத்தலின், அக்கணத்தில் எழும் விசை மூட்டு வழக்கமாகத் தாங்கும் விசையினும் பன்மடங்காகின்றது. இடைவெளி இருமடங்கானால் மோதும் ஆற்றலும் ஏறத்தாழ இருமடங்காகும். மோதல் மிகத் தேய்வு மிகும். தேய்வு மிக இடைவெளி மிகும். இடைவெளி மிக மோதல் மேலும் மிகும். கடன்மேல் வட்டி ஏறுவதுபோன்ற கதை இது.

மின்சாரம் வருமுன் இவ்வூர்க் கிணறுகளில் எங்கும் ஒலித்ததும், இன்றும் சிற்சில இடங்களில் ஒலிப்பதுமான ஒற்றைச் சிலிண்டர் எண்ணெய் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 600 சுற்று ஓடுமாயின், வினாடிக்குப் பத்துச் சுற்று; சுற்றுக்கு இருமுறையாக அதன் பிஸ்டன் வினாடிக்கு இருபது முறை திசை மாறுகின்றது. அத்திருப்பங்கள் எல்லாவற்றிலும் மூட்டுத் தட்டாது. பாதியில் மட்டும் தட்டுவதாகக் கொண்டாலும் மணிக்கு 36,000 அடி. ஒரு பகல் ஆறுமணி நேரம் நீரிறைப்பின் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட அடிகள், அனைத்தும் ஒரே சிறு புஷ்ஷின்மீது! பழைய எஞ்சின்காரர் வரப்பில் நின்றபடியே ஒலியைக் கேட்டு, "ராடு தட்டுது" என்று சொல்லிவிடுவர். அச்செவி இப்பொழுது அருகிவருகின்றது என்பது எம் வருத்தங்களுள் ஒன்று.

இதனினும் வியத்தகு செய்தி ஒன்றுண்டு. இறுக்கமான மூட்டுக்களையுடைய பொறியின் ஒவ்வோர் உறுப்பும் எக்கணத்தில் எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். மூட்டொன்று தளர்ந்தாலோ, முளை துளைச்சுவரின் எவ்விடத்தை எப்பொழுது தொடும், எத்துணை முறை துள்ளும் என்பவற்றை முன்கூட்டிச் சொல்லுதல் மிக அரிதாகின்றது. ஒரே நிலையினின்று தொடங்கியனவாகத் தோன்றும் இரண்டு ஓட்டங்கள் சில சுற்றுக்களுக்குள் வெவ்வேறாகிவிடுதலும் உண்டு. ஒழுங்கான இயந்திரத்தினுள் ஒழுங்கின்மை குடிபுகுவதற்கு ஒரு நகத்தின் பருமனே போதுமானதாயிருக்கின்றது.

நம் மாணவர் இவற்றை அறியாதிருத்தற்கு அவர்களை மட்டும் குறைகூறல் தகாது. பாடநூல்களிலே கிராங்கும் கனெக்டிங் ராடும் ஒற்றைக் கோடுகளாக வரையப்படுகின்றன. மூட்டு ஒரு புள்ளி. புள்ளிக்கு இடைவெளி ஏது? தொடக்கத்தில் அங்ஙனம் கற்பித்தல் முறையே. எளிமையின்றிக் கணக்கு நடவாது. ஆயினும் அப்புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டும் நாள் ஒன்றும் பாடத்திட்டத்தில் வாராமலே மாணவன் பட்டம்பெற்று வெளியேறுகின்றான். அவன் முதன்முதற் காணும் மெய்யான இயந்திரம் அவனுக்குப் பொய்யாகத் தோன்றுகின்றது.

ஈண்டு ஒரு தடையை எழுப்பலாம். ஆட்டம் தீதாயின் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டாலென்ன? இது முன்னதினும் பெரும்பிழை. இறுக்கிய பேரிங்கில் எண்ணெய் நிற்க இடமிராது. தண்டு சூடேறிப் பற்றிக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்திற்கும் கடையாணிக்கும் இடையே சற்று இடம் விட்டாலன்றி வண்டி நகராது. வாடிப்பட்டி நிலையத்தின் வழியே மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் செல்லும் இருப்புப்பாதையின் வரலாறும் இதற்குச் சான்று. 13 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம், வெப்பம் 40 பாகை ஏறுமாயின், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் வேண்டியே முற்காலத்தில் தண்டவாளங்களுக்கிடையே வெளிவிட்டு, இருபுறமும் பிளேட் வைத்துப் போல்ட்டால் முடுக்கினர். நம் பாட்டன்மார் கேட்டு உறங்கிய அத் 'தடக் தடக்' ஓசை, வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளியில் சக்கரம் மோதிய ஓசையே. அவ்வளவாக அளந்து விட்ட வெளியும் தண்டவாளத்தின் முனைகளை நசுக்கிவந்தது. ஆதலின் பிற்காலத்துப் பொறியறிஞர் தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து நீண்ட ஒரே தண்டவாளமாக்கி, அதன் விரிவைச் சிலீப்பர்களும் ஜல்லியும் பற்றி அடக்கும்படி செய்தனர். ஓசை போயிற்று, உறக்கமும் சிலருக்குப் போயிற்று என்பர்.

ஆகவே, வெளி வேண்டுமா வேண்டாவா என்பதன்று வினா. எவ்வளவு, அதனை அளந்தவர் யார், என்றைக்கு அளந்தார் என்பனவே வினாக்கள். நீராவி எஞ்சினின் வரலாறே இதற்கு எடுத்துக்காட்டு. ஜேம்ஸ் வாட்டின் கருத்து எத்துணைச் சிறந்ததாயினும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே நீராவி ஒழுகிக்கொண்டிருந்த வரையில் அஃது ஏட்டளவிலேயே நின்றது. ஜான் வில்கின்சன் 1770-களிற் செய்த துளைப்பு இயந்திரமே அக்கருத்துக்கு உயிரளித்தது. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் எவ்விடத்தும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்திற்கு மேற் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் பெருமிதத்தோடு எழுதினார். இன்று அப்பிழையைக் கேட்டால் நம் பட்டறை மாணவன் நகைப்பான். நகைக்கட்டும், ஆனால் போல்ட்டன் அளந்தார்.

பேருந்துக்குத் திரும்புவோம். இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 98-ஆவது விதி, திருப்புச் சக்கரத்தின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கின்றது. குண்டு மூட்டுக்கள் ரப்பர் மூடியால் மூடப்படவேண்டும், போல்ட்டுகளும் முளைகளும் கழலாவண்ணம் பூட்டப்படவேண்டும் என்றும் விதிக்கின்றது. 30 பாகை என்பது வட்டத்திற் பன்னிரண்டில் ஒரு பங்கு. அரைமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் அஃது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். இவ்வெல்லை மிகத் தாராளமானது என்பது எம் கருத்து. நான்கு வழிச் சாலைகள் தோன்றுமுன் எழுதப்பட்ட எண்ணது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகின்றது; வெற்றாட்டத்தைக் கடக்க ஓட்டுநருக்குக் கால் வினாடி செல்லுமாயின், சக்கரம் திரும்பத் தொடங்குமுன்னரே வண்டி ஐந்தரை மீட்டர் போய்விடும். வாடிப்பட்டிச் சந்தைக்கு வருவோர் சாலையைக் கடக்கும் இடத்தில் ஐந்தரை மீட்டர் என்பது ஒரு தாயும் அவள் கைப்பிடித்த குழந்தையும் நிற்கும் இடத்தினும் பெரிது.

இவ்வெற்றாட்டம் ஒரே மூட்டிற் பிறப்பதுமன்று. ஸ்டியரிங் பெட்டியின் பற்களிற் கொஞ்சம், இணைப்புத் தண்டின் இருமுனைகளிற் கொஞ்சம், கிங்பின்னிற் கொஞ்சம் என்று சேர்ந்து வருவது. தனித்தனியே பார்ப்பின் ஒவ்வொன்றும் "பரவாயில்லை" என்னும்படியே இருக்கும். பரவாயில்லைகள் ஐந்து கூடினால் என்னாகும் என்பதை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மேலும், மூட்டுக்கள் தளர்ந்த முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய அளவில் தானே படபடவென்று ஆடத் தொடங்குதலும் உண்டு. அப்பொழுது பழகிய கையும் பயன்படாது.

அளத்தல் என்று யாம் வற்புறுத்துவதற்குக் காரணமாகிய துயரச் செய்தி ஒன்றை இங்கே கூறாதிருத்தல் இயலாது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், மெக்சிகோவினின்று சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்சின் 261-ஆம் விமானம் கலிபோர்னியக் கரைக்கப்பால் கடலில் விழுந்து, அதிலிருந்த 88 பேரும் மாண்டனர். அவ்விமானத்தின் வாற்பலகையை ஏற்றி இறக்குவது ஒரு திருகுத் தண்டும் ஒரு மரையுமே. நம் மடைப்பலகையின் திருகும் அதுவும் ஒரே குலத்தன. மசகு போதாமையால் மரையின் புரிகள் தேய்ந்து தேய்ந்து, இறுதியில் அறுத்துக்கொண்டன என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து முடிவுகூறியது. இனிக் கூறுவதே கவனிக்கத்தக்கது. விபத்திற்கு இரண்டாண்டுக்கு மேல் முன்னதாக, 1997 செப்டம்பரில், அம்மூட்டின் ஆட்டத்தை அளந்தனர். அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லையும் அதுவே. மரையை மாற்றவேண்டும் என்று முதலில் குறிக்கப்பட்டது. பின்பு மீண்டும் அளந்தபோது 33 பங்கு என்று வந்தது. விமானம் பறக்க விடப்பட்டது. இரண்டு அளவுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவு. மசகிடும் கால இடையீட்டையும் ஆட்டத்தை அளக்கும் கால இடையீட்டையும் நீட்டிவிட்டதும் விபத்திற்குத் துணைக் காரணங்கள் என்று வாரியம் கண்டது. ஆட்டத்தை அளந்தவர்களே இங்ஙனம் இடறினரென்றால், அளவாமலே கைப்பழக்கத்தை நம்புவோர் நிலை என்னாவது?

எம்மோடு மாறுபடுவோர் கூறுவதையும் யாம் அறியாமலில்லை. ஒற்றை எஞ்சின் வைத்திருக்கும் குடியானவன், பயிர் வாடும் வேளையில் அதனைக் கழற்றிப்போட்டுப் புஷ் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? பேருந்து ஒருநாள் நின்றால் அன்றைய வருமானம் போயிற்றே? இவை வீண்பேச்சல்ல. ஏழைக்கு இன்றைய நீர் நாளைய கிராங்கினும் பெரிது. இதனாலேயே நம் ஊர் மெக்கானிக்குகள் பழைய தகரத்தை வெட்டிப் பேரிங்குக்கு அடியில் வைத்து இறுக்கி இரண்டு வாரம் ஓட்டிவிடுகின்றனர். அவர்தம் கைத்திறனை இகழோம். சிலபோது அது மெய்யான திறமே. ஆயினும், தகரத்தின் கனம் என்ன, அதனால் ஆட்டம் எவ்வளவிலிருந்து எவ்வளவாயிற்று என்று கேட்டால் விடையில்லை. இரண்டு வாரம் இரண்டு ஆண்டாவது அதனாலேதான்.

அளப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எஞ்சினுக்கு ஒரு பீலர் கேஜ் போதும். அது நம் பட்டறையின் இழுப்பறையில் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கின்றது. பேருந்துக்கு அதுவும் வேண்டா. ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு அளவுநாடாவும் உண்டானால், முன்சக்கரம் அசையத் தொடங்கும் இரண்டு நிலைகளையும் திருப்புச் சக்கரத்தின் விளிம்பிற் குறித்து இடைத்தூரத்தை அளந்துவிடலாம். பௌதிக வகுப்பு மாணவர் இருவர் இருவராக, உரிமையாளரின் இசைவு பெற்று, ஆண்டுக்கு ஒருமுறை தத்தம் ஊர் எஞ்சின்களையும் வண்டிகளையும் அளந்து ஓர் ஏட்டில் நாளிட்டுப் பதிவுசெய்வாராயின், அவ்வேடு மூன்றாம் ஆண்டில் பேசத் தொடங்கும். ஓரளவு ஒரு செய்தி மட்டுமே; ஈரளவுகளே தேய்வின் வேகத்தைக் காட்டும். இதனை ஆசிரியர் குழு ஏற்று, அளந்த மாணவர்க்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணும் வழங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். சுண்ணக்கட்டிச் செலவை யாமே ஏற்போம்.

பிறர்க்குச் சொல்லுமுன் செய்து பார்த்தல் முறையாதலின், சின்னாட் கழித்து அதே பேருந்தை வாடிப்பட்டி நிலையத்தில் நின்றிருக்கக் கண்டு, ஓட்டுநரின் இசைவோடு யாமும் அளந்தோம். முன்சக்கரத்தருகே நடத்துநர் குனிந்து நின்று, அது அசைந்தபோதெல்லாம் குரல்கொடுத்தார். திருப்புச் சக்கரத்தின் விட்டம் அரைமீட்டர். இரண்டு குறிகளுக்கும் இடையே விளிம்பில் 16 சென்டிமீட்டர். கணக்கிட்டால் 36 பாகைக்கும் மேல். சட்டம் 30 என்கின்றது என்பதை உரைத்தோம். ஓட்டுநர் தம் கையால் ஒருமுறை திருப்பி, சுண்ணக்குறிகள் இரண்டையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், முன்போல் நகைக்கவில்லை. "நான் வாயாலே சொன்னா கேட்கமாட்டாங்க சார். இந்த நம்பரைத் தேதி போட்டு எழுதிக் குடுங்க, முதலாளிகிட்டே காட்டுறேன்" என்றார். எம் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தோம். அதனை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தார்.